ஒம்பதாவது அகல்

தம்பி, நானும் உங்கப்பாவும் நல்லாத்தான் இருக்குறோம். அத மொதல்லயே சொல்லிடுறேன். இல்லன்னா கூரியர் கவர்ல அம்மா கையெழுத்தப் பாத்ததும் யாருக்கு என்னாச்சோன்னு பதறிப் போயிடுவே. போன்லயே சொல்லியிருக்கலாம். ரெண்டு தடவ ஆரம்பிச்சும் பாத்தேன். ஒரு தடவ நீ "கிளாசுக்குப் போறேம்மா, அப்பறம் கூப்புடுறேன்"னு வெச்சுட்டே. இன்னொரு தடவ சாப்டியான்னு கேட்டுட்டு நானே வெச்சுட்டேன். எழுதுனா நீ குறுக்க பேச முடியாது, நானும் பாதியில நழுவ முடியாது. உன் புஸ்தகத்த அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்ன இத ஒரு வரி விடாம படிச்சிடு. அதுல ஒரு பொய் இருக்குது. அத ஒனக்குச் சொன்னவ நான்தான்.

நீ அனுப்புன அச்சுப்படி போன மாசம் வந்துச்சு. உங்கப்பாவுக்குத் தலகால் புரியல. யூத ஜனங்களப் பத்தித் தமிழ்ல இத்தாம் பெரிய புஸ்தகம், எழுதுனது எம் புள்ளன்னு டீக்கடையில இருந்தவங்க அத்தன பேருக்கும் காட்டிட்டு வந்தாரு. வந்து ஒக்காந்து முன்னுரைய எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுனாரு. அதுல நம்ம வூட்டு அலமாரியில இருக்குற பீங்கான் விளக்கப் பத்தி எழுதியிருக்கே. யூதருங்க பண்டிகைக்காக வெளிநாட்டுலேந்து விருத்தாசலத்துக்கு ஆர்டர் வந்துச்சு, ஒம்பதாவது அகல் ஒசரமா நிக்கணும்னு தெரியாம அஞ்சலைங்கிற ஒரு தொழிலாளி மட்டமா ஒட்டிட்டாங்க, ஆர்டர் கேன்சலாயிடுச்சு, அந்தத் தப்பான விளக்கப் பாத்துத்தான் எனக்கு இந்த ஜனங்க மேல ஆர்வம் வந்துச்சுன்னு எழுதியிருக்கே. கடைசியா, அந்த அம்மாவோட அறியாமைக்கு நன்றின்னு ஒரு வரி. நல்ல மனசோடதான் எழுதுனே, எனக்குத் தெரியும். இதுல வெளியீட்டு விழா நம்ம ஊர்லயே வெக்கிறேன், அஞ்சலை அத்தைய மேடைல ஏத்தி சால்வ போத்தப் போறேன், நீயே போய்க் கூப்புடும்மான்னு வேற சொல்லிட்டே. உங்கப்பா படிச்சு முடிச்சுட்டு கண்ணாடியக் கழட்டி கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.

தம்பி, அஞ்சலை மட்டமா ஒட்டல. அவ ஒசரமாத்தான் ஒட்டுனா. அத வெட்டி மட்டம் பண்ணுனது நான்.

எப்பிடின்னு சொல்றேன், கேளு. எங்க பீங்கான் கம்பெனியில கரைச்ச மண்ண அச்சுல ஊத்தி, கெட்டியானதும் அச்சப் பிரிச்சு எடுப்பாங்க. அர ஈரத்துல இருக்கறப்பவே ஒட்ட வேண்டியத ஒட்டணும். அது அஞ்சலை வேல. அதுக்கப்பறம் பக்கத்து ஷெட்டுக்கு, என் கைக்கு வரும். பிசிறு சீவி, ஸ்பாஞ்சால தொடச்சு, கோணல் மாணல் இருந்தா நேர் பண்ணி, காய வெச்சு சூளைக்கு அனுப்பணும். அந்த விளக்குக்கு ஒரு நீட்டு அடி, அதுல எட்டு அகல் சின்னச் சின்னக் கால் மேல வரிசையா. ஒம்பதாவது மட்டும் ஒரு குட்டித் தூண் மேல, மத்ததவிட மூணு வெரக்கட ஒசரத்துல. மொத நாளு பலகையில அடுக்கி வந்ததப் பாத்ததும் எனக்குக் கண்ண உறுத்துச்சு. நம்ம ஊரு கோயில்ல கோபுரம் அஞ்சு, கொடிமரம் அஞ்சு, தேரு அஞ்சுன்னு எல்லாத்தையும் சீரா எண்ணிப் பழகுனவ நான். ஒம்பது அகலுன்னா நவகிரகத்துக்குப் போல, அதுல ஒண்ணு மட்டும் ஏன் துருத்திக்கிட்டு நிக்குதுன்னு தோணுச்சு. மொதலாளி போன்ல படம் காட்டுனப்பவும் அது ஒசரமாத்தான் இருந்துச்சு. வெள்ளக்காரனுக்கு மட்டம் பாக்கத் தெரியல, நாம சரி பண்ணி அனுப்புனா அசந்து போவான்னு நெனச்சேன். என்னா திமிரு பாரு! மொதலாளி அந்த வாரம் வெளியூர் போயிருந்தாரு. யாரையும் கேக்கல. ஒவ்வொரு தூணையும் நடுவுல ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டு, மேல் துண்ட கீழ்த் துண்டு மேல ஒக்கார வெச்சு, மண்ணு கரைசல் தடவி ஒட்டி, ஸ்பாஞ்சு போட்டு, எட்டோட சேத்து ஒரே மட்டமா நிறுத்துனேன். ரெண்டு நாளு முதுகு ஒடிய ஒக்காந்து பண்ணுன வேல. அவ்வளவு அழகா இருந்துச்சுடா.

சூளையிலேந்து வெளிய வந்து, படம் புடிச்சு அனுப்புனதும் அங்கேந்து பதில் வந்துச்சு, இது நாங்க கேட்ட விளக்கே இல்லன்னு. மொதலாளி கையில ஒண்ண எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குள்ள வந்தாரு. மூஞ்சி செவந்து போயிருந்துச்சு. "யாரும்மா இந்தத் தூண ஒட்டுனது?"ன்னு கேட்டாரு. யாரு வெட்டுனதுன்னு கேக்கல, அவருக்கு அது தோணவே இல்ல. நான்தான் வாயத் தெறந்தேன். "அஞ்சலைதாங்க ஒட்டுனா"ன்னேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தானேன்னு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அஞ்சலை அந்த விளக்கப் பாத்தா, அவ கையப் பாத்தா. கம்மாபுரம் பக்கத்துல அவுங்க நெலம் நெலக்கரிச் சுரங்கத்துக்குப் போயி, நடவு நட்ட கையோட கம்பெனிக்கு வந்து ஆறு மாசம்தான் ஆயிருந்துச்சு. சூளையில வெந்தா மண்ணு சுருங்கும்னு மட்டும் அவளுக்குத் தெரியும். "நான்தாங்க அளவத் தப்பாப் புடிச்சுட்டேன் போலருக்குது"ன்னா. அவளே ஒத்துக்கிட்டா பாரு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். அன்னிக்கே அவ கணக்க முடிச்சுட்டாங்க. டிபன் பாக்ஸ கூடையில வெச்சுக்கிட்டு, எங்கிட்ட "போயிட்டு வரேங்க்கா"ன்னு சொல்லிட்டுப் போனா.

ஏன் வாய மூடிக்கிட்டேன்னு கேப்பே. உங்கப்பா கால் ஒடஞ்சு வூட்டுல கெடந்த வருஷம் அது. நீ காலேஜ் சேந்து ரெண்டு மாசம். என்னையும் வெளிய அனுப்பிட்டா நீ படிப்ப வுட்டுட்டு வந்து நிக்கணும். இதெல்லாம் நெசம். ஆனா ஒங்கிட்ட முழுசாச் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். பெரிய காரணம் அது இல்லடா. கம்பெனியில புதுசா யாரு வந்தாலும் "அந்தக்கா கையப் பாத்துக் கத்துக்க"ன்னுதான் சொல்லுவாங்க. அப்பேர்ப்பட்ட கை தப்புப் பண்ணிடுச்சுன்னு நாலு பேர் முன்னால சொல்ல எனக்கு வாய் வரல, அவ்வளவுதான். வறுமைன்னு சொன்னா நீ உருகிடுவே, அதான் இதச் சேத்துச் சொல்றேன்.

அப்பறம் நம்ம வழக்கப்படி செய்யறதச் செஞ்சேன். பதினோரு வெள்ளிக்கெழம ஆழத்துப் பிள்ளையாருக்குப் படியெறங்கிப் போயி விளக்கேத்துனேன். நீ கூட ஒரு வாரம் வந்தே, எதுக்கும்மா வேண்டுதல்னு கேட்டே, ஒம் படிப்புக்குன்னு சொன்னேன். தேங்கா ஒடச்சேன், கன்னத்துல போட்டுக்கிட்டேன், பதினோராவது வாரம் மனசு லேசாயிடுச்சு. பிள்ளையார்கிட்ட சொல்லியாச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அஞ்சலை வூடு கோயில்லேந்து பஸ்ஸுல முக்கா மணி நேரம். அங்க மட்டும் போகல.

கழிச்சுக் கட்டுனதுல ஒரு விளக்க நான் வூட்டுக்கு எடுத்தாந்தேன். நீ லீவுல வந்தப்ப, இது என்னம்மா ஒம்பது அகலுன்னு கேட்டே. தெரியலடான்னேன். நீ எங்கெங்கயோ தேடிப் படிச்சு அடுத்த லீவுல வந்து சொன்னே. அவுங்க கோயில எதிரிங்க கெடுத்து வெச்சிருந்தாங்க, மீட்டு விளக்கேத்தப் போனா ஒரு நாளைக்குக் காணுற எண்ணெதான் இருந்துச்சு, அது எட்டு நாள் எரிஞ்சுதுன்னு. அந்த எட்டுக்காக எட்டு அகல். ஒம்பதாவது வேலைக்கார அகலு, மத்ததப் பத்த வெக்கிறதுக்கு. எட்டும் சாமிக்கு, அந்த வெளிச்சத்துல நம்ம ஒரு வேலையும் பாக்கக் கூடாது, அதனால வேல பாக்குற அகல் தனியாத் தெரியணும், எட்டோட எண்ணிடக் கூடாதுன்னு. சொல்லிட்டு, "யாரோ மட்டமா ஒட்டிட்டாங்களேம்மா"ன்னே. அப்பவாவது சொல்லியிருக்கலாம். "அஞ்சலைன்னு ஒருத்தி, பாவம், தெரியாம ஒட்டிட்டா"ன்னேன். ஒங்கிட்ட சொன்ன பொய்யி அதான். ஒரே வாக்கியம். அது உன்னோட வளந்து, காலேஜு முடிச்சு, ஆராய்ச்சி பண்ணி, இப்ப முன்னுரைக்கு வந்து ஒக்காந்திருக்குது.

இப்ப ஒன்னையும் ஒரு வார்த்த திட்டணும். இத்தன வருஷம் படிச்சியே, கொச்சி வரைக்கும் போயி, அங்க மிச்சமிருக்கற வயசான யூதருங்களத் தேடிப் புடிச்சு, அவுங்க பேச்ச எல்லாம் கேட்டு எழுதுனே. பக்கத்துல கம்மாபுரத்துல இருக்குற அஞ்சலைய ஒரு தடவ போய்ப் பாத்தியா? அத்தை, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டியா? அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எழுதிட்டே. இனிமே யாரு பேர எழுதுனாலும் அவுங்க வூட்டு வாசல்ல போய் நின்னு கேட்டுட்டு எழுது. பெத்தவ சொன்னாலும் நம்பாத. இத வேற யாரு ஒனக்குச் சொல்லுவா, நான்தான் சொல்லணும்.

முன்னுரை கேட்ட அன்னியிலேந்து ஒரு வாரம் மத்தியானத்துல ஒக்காந்து உன் புஸ்தகத்த நானே படிச்சேன். பாதி புரியல, ராசாக்க பேரு எல்லாம் வாயில நுழையல. ஊர் ஊரா வெரட்டுனாங்க, போன எடமெல்லாம் கொன்னாங்கங்கிற அத்தியாயத்த ஒரே மூச்சுல படிக்க முடியல, மூடி மூடி வெச்சுட்டுப் படிச்சேன். ஆனா மூணு எடம் என்னய புடிச்சு நிறுத்திடுச்சு. ஒண்ணு, அவுங்க பெரிய நோம்பு. சாமிக்குப் பண்ணுன தப்ப அன்னிக்குச் சாமி மன்னிச்சிடும், ஆனா அடுத்த மனுஷனுக்குப் பண்ணுன தப்ப அந்த மனுஷன் மன்னிக்காம சாமி தொடாது, அவன் வூட்டுக்குப் போய்க் கேக்கணும், ஒரு தடவ இல்ல, மூணு தடவ போகணும்னு எழுதியிருக்கே. பதினோரு வெள்ளிக்கெழமையும் எனக்குக் கண்ணு முன்ன வந்துச்சு. ரெண்டாவது, நாலு பேர் முன்னால ஒருத்தரத் தலகுனிய வெச்சு மூஞ்சி வெளுக்கப் பண்றது, ரத்தம் சிந்த வெக்கிறதுக்குச் சமம்னு அவுங்க பெரியவங்க நெனச்சாங்கங்கிறது. அஞ்சலை மூஞ்சி அன்னிக்கு எப்பிடி வெளுத்துச்சுன்னு பாத்தவ நான். இப்ப நீ சால்வ போத்தி அதயே மேடையில பண்ணப் போறே. மூணாவது, கிழிஞ்சு பழசான ஏடு எதுலயாவது சாமி பேர் இருந்தா அத குப்பையில போடாம மனுஷனப் பொதைக்கிற மாதிரி பொதைப்பாங்கங்கிறது. எழுத்துக்கு அவ்வளவு மரியாத குடுக்குற ஜனத்தப் பத்தின புஸ்தகத்துல, மொத பக்கத்துலயே என் பொய் இருக்கலாமாடா?

அதனால போனேன். நீ கூப்புடச் சொன்ன சாக்குல மொத தடவ போனேன். கம்மாபுரத்துல பஸ்ஸ வுட்டெறங்கிக் கேட்டுக் கேட்டுப் போனேன். வாசல்ல ஒக்காந்து முந்திரிக்கொட்ட ஒடச்சுக்கிட்டு இருந்தா. அந்தக் கொட்ட எண்ணெ பட்டு வெரல் பூரா கறுத்துப் பொத்துப் போயிருக்குது. என்னயப் பாத்ததும் "யக்கா! இப்பதான் வழி தெரிஞ்சுதா?"ன்னு எழுந்து வந்து கையப் புடிச்சுக்கிட்டா. விழாவப் பத்திச் சொன்னதும் சிரிச்சா. "ஏங்க்கா, வேலையக் கெடுத்தவளுக்கு சால்வ வேறயா? தம்பிக்கு என்னா மனசு!"ன்னா. அப்பறம் மெதுவாச் சொன்னா, "என் கைக்கு அந்த வேல வராதுக்கா. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. அதுக்கப்பறம் ரெண்டு கம்பெனியில ஆள் கேட்டாங்க, நான் போகல. எம் பொண்ணு போறேன்னு நின்னா. நம்ம கையி அதுக்குத் தோதுபடாதுன்னு அவளையும் அனுப்பல"ன்னா. தம்பி, அவளுக்கு நான் வேலைய மட்டும் இல்லாமப் பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவ கையே தப்பு கைன்னு நம்ப வெச்சிருக்கேன். அவ குடுத்த டீயக் குடிச்சேன். முருங்கக்காய் பறிச்சுக் குடுத்தா, அதையும் வாங்கிக்கிட்டு வந்துட்டேன். உங்கப்பா அன்னிக்கு சாம்பார் நல்லாருக்குதுன்னாரு.

ரெண்டாவது தடவ, பஸ்ஸ வுட்டு எறங்குறதுக்கு முன்னயே முடிவு பண்ணிட்டேன், டீ குடிக்கக் கூடாதுன்னு. போன வேகத்துல நின்னுக்கிட்டே சொன்னேன். "அஞ்சல, நீ சரியாத்தான் ஒட்டுன. நான்தான் வெட்டி ஒட்டுனேன். தெரிஞ்சேதான் உன் பேரச் சொன்னேன்." அவளுக்கு மொதல்ல புரியல. "என்னாக்கா சொல்ற?"ன்னு ரெண்டு தடவ கேட்டா. மறுபடியும் மொதல்லேந்து சொன்னேன். சுத்தியல் கையிலயே இருந்துச்சு, கொட்ட அப்பிடியே இருந்துச்சு. "பன்னெண்டு வருஷம்"னா. அழுவான்னு நெனச்சேன், அழல. "எம் பொண்ணு மூணு நாளு சோறு திங்காம இருந்தா, கம்பெனிக்கு அனுப்புன்னு"ன்னா. "எழுந்திரி, போ"ன்னா. நான் ஒக்காரவே இல்ல, அது கூட அவளுக்குத் தெரியல. அவ கதவச் சாத்துன சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் என் காதுலயே நின்னுச்சு.

மூணு தடவ கேட்டும் எதிராளி எறங்கி வரலன்னா, கேட்டவன் மேல பாரம் இல்லன்னு நீ எழுதியிருக்கே. அது எனக்குப் புடிக்கல. மூணு நட போயிட்டு கையக் கழுவிட்டு வந்துட முடியுமா? அந்த ஜனங்களே சண்ட போட்டுப் போட்டுத்தான் படிப்பாங்கன்னு சொல்லுவியே, அப்போ நானும் சண்ட போடலாம். அந்த விளக்குக்கே ரெண்டு குருமாரு கட்சி இருந்துச்சுன்னு எழுதியிருக்கே. மொத நாளு எட்டையும் ஏத்தி நாளுக்கு ஒண்ணாக் கொறைக்கணும்னு ஒரு கட்சி, மொத நாளு ஒண்ணு ஏத்தி நாளுக்கு ஒண்ணாக் கூட்டணும்னு ஒரு கட்சி. கூட்டணும்ங்கறவங்கதான் ஜெயிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் அப்பிடித்தான் ஏத்துறாங்க, ஆனா தோத்தவங்க சொன்னதையும் அழிக்காம எழுதி வெச்சுக்கிட்டாங்கன்னு. அந்த எடத்த நான் நாலு தடவ படிச்சேன். நம்ம கம்பெனியில அன்னிக்கு அஞ்சலை பேச்ச எழுதி வெக்க யாரும் இல்ல. அவளுக்கே அவ பக்கம் ஒரு பேச்சு இருக்குதுன்னு தெரியல.

நேத்து மூணாவது தடவ போனேன். விளக்க ஒரு பழைய டவல்ல சுத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். அவ வாசல்லயே நின்னா, உள்ள கூப்புடல. விளக்க நீட்டுனேன். வாங்கிக்கலாமா வாணாமான்னு கொஞ்ச நேரம் பாத்தா. அப்பறம் வாங்கி, முந்தானையால தொடச்சு, வெய்யில்ல திருப்பிப் பாத்தா. கறுத்த வெரலால ஒம்பதாவது தூண கீழேந்து தடவிக்கிட்டே வந்தா. அடியில ஒட்டு இருக்குற எடத்துல ஒண்ணும் தட்டல, வழுவழுன்னு போச்சு. நடுவுல வந்ததும் வெரல் நின்னுச்சு. மேல பூசுன பளபளப்புக்குக் கீழ, முடி கனத்துக்கு ஒரு கோடு. நகத்தால அதக் கீறிப் பாத்தா. "இது என் ஒட்டு"ன்னு அடியத் தொட்டுக் காட்டுனா. "இது உன் ஒட்டு"ன்னு நடுவத் தொட்டா. "என்னுது தெரியவே இல்லக்கா. உன்னுதுதான் தெரியுது"ன்னா. சொல்லிட்டு அப்பிடியே வாசப்படியில ஒக்காந்து அழுதுட்டா. நானும் கீழ மண்ணுல ஒக்காந்துட்டேன். அவ பொண்ணு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு, ரெண்டு பேருக்கும்.

"முன்னுரையிலேந்து உன் பேர எடுக்கச் சொல்லிடுறேன், அஞ்சல"ன்னேன். அவளுக்குக் கோவம் வந்துடுச்சு. "எதுக்கு எடுக்கணும்? அன்னிக்கும் என் பேரத்தான் சொன்ன, இன்னிக்கு நல்லது எழுதறப்ப எடுத்துடுவியா?"ன்னா. "பேரு இருக்கட்டும். அஞ்சலை ஒசரமாத்தான் ஒட்டுனான்னு எழுதச் சொல்லு. கம்மாபுரம் அஞ்சலைன்னு ஊரு பேரோட போடச் சொல்லு. எம் பொண்ணு பாக்கணும்"னா. விளக்க அவளே வெச்சுக்கிட்டா, நான் கேக்கல. அதனால நீ மேடையில வெக்கணும்னு சொன்னியே, அது வேணும்னா நீ போய் அவகிட்டக் கேளு, மரியாதையா.

அதனால தம்பி, அந்த வரிய மாத்து. என் பேரையும் போடு. ஒரு தொழிலாளி தப்பு பண்ணிட்டாங்கன்னு பொத்தாம் பொதுவா எழுதி அம்மாவ மறைக்காத. வெட்டுனவ எங்கம்மா, வெட்டிட்டு மறைச்சவளும் எங்கம்மான்னே எழுது. உங்கப்பாகிட்ட காலையில சொல்லிட்டேன். சட்டையப் போட்டுக்கிட்டு, டீக்கடையில நேத்து படிக்கக் குடுத்துட்டு வந்த அச்சுப்படிய வாங்கிட்டு வரேன்னு போனாரு. ஒனக்கு எம் மேல கோவம் வரும், வரட்டும். நீயும் ஒடனே மன்னிச்சுட்டேன்னு போன் பண்ணாத, அது எனக்கு வாணாம். வந்து நேர்ல திட்டு.

கெளம்பறப்ப அஞ்சலைகிட்டக் கேட்டேன், என்னய மன்னிச்சுட்டியாடின்னு. "புஸ்தகம் வரட்டும். படிச்சுட்டுச் சொல்றேன்"னா. அவளுக்குப் படிக்கத் தெரியும்னு ஆறு மாசம் கூட வேல பாத்த எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாளாம், கண்ணும் இப்ப மங்கலாம். அதனால அந்த ஒரு பக்கத்துலயாவது எழுத்தப் பெருசாப் போடச் சொல்லுடா.

அம்மா